பன்னிரண்டுக்கு முப்பத்தாறு

பன்னிரண்டு மணி நேரம் வாசல்,
முப்பத்தாறு மணி நேரம் வீடு.
சாந்தோஸில், கடலுக்கு மூன்றாம் தெருவில்
மணலில் கால் புதைந்து
ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் கட்டடத்துக்கு
ஒருநாள் விட்டு ஒருநாள் நான் காவல்.

எனக்கில்லாத பகல் ஜில்தாசியுவுக்கு.
அவன் முகம் தெரியாது.
நடுவில் இரவுக்காரர் ஒருவர்
சாவிக்கொத்தை வாங்கி, சாவிக்கொத்தைக் கொடுத்து.
ஜில்தாசியு என்றால்
பதிவேட்டில் வலப்பக்கம் சாயும் நீல எழுத்து.
அவ்வளவுதான்.

எண்பத்து மூன்றாம் எண்காரர்கள்
காலிசெய்து போனபோது
லாரியில் ஏறாமல் நின்றது மனக்கா.
பெயின்ட் டப்பாவில் ஒரு குச்சி,
ஏழெட்டு இலை,
நரம்பு மட்டும் பச்சை, மீதி மஞ்சள்.
"குப்பைக்கா?" என்று எழுதி வைத்தேன்.

"வேண்டாம்.
சுவரை விட்டுத் தள்ளி வை,
சிமென்ட்டின் சுண்ணாம்பு இதற்கு ஆகாது.
காப்பிச் சக்கையைக் கொட்டாதே, எனக்கு வேண்டும்."

அதற்குப் பிறகு
பார்சல் வந்த வீட்டுக்கும்
லிஃப்ட் நின்ற மாடிக்கும் இடையில்
செடி ஒரு குடியிருப்பாளர் மாதிரி
பதிவேட்டில் ஏறியது.
"மண் விரலில் ஒட்டுகிறது. இன்று நீர் இல்லை."
"மேற்கு வெயில் சுட்டது. தூண் நிழலுக்கு நகர்த்தினேன்."
"பைன் பட்டை இரண்டு கை. காசு என்னுடையது."
"பாதி உன்னுடையது." அது நான்.
"கத்தரியைத் தொடாதே, பூ முடியட்டும்.
இப்போது வெட்டினால் மொட்டை வெட்டுகிறாய்."
"காய் கண்டால் கிள்ளு,
மூன்றாம் மாடி நாய்க்கு அது விஷம்."

மழை மாதத்தில் புழு வந்தது.
கறுப்பில் மஞ்சள் வளையம்,
கூட்டமாய், வெட்கமில்லாமல்.
குடியிருப்புத் தலைவி தோனா ஸுலேய்க்கா
மருந்துக் குப்பியோடு இறங்கிவந்தார்.
சாயங்காலம் அடிக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு
பதிவேட்டில் கேட்டேன்.

மறுநாள் நீலம் ஒரு பக்கம் முழுக்க:
"பதினெட்டு எண்ணினேன்.
பன்னிரண்டைத் தீப்பெட்டியில் போட்டு
கடற்கரைத் தோட்டத்து மனக்காவில் விட்டேன்.
ஆறு இங்கே இருக்கட்டும்.
அதற்கு வேறு சாப்பாடு தெரியாது.
இலை திரும்ப வரும்."
குப்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
அதை எங்கே வைத்தானோ, இன்றுவரை காணோம்.

இலை வந்தது.
செப்டம்பரில் பூவும்.

விரியும் அன்று ஊதா,
அடர்ந்த ஊதா.
நான் மறுபடி வேலைக்கு வந்தால்
அதே பூ வெள்ளை.
வெளிர்ந்த பூக்கள் என் பகலிலும் உண்டுதான்,
ஆனால் அவை அவன் பார்க்க விரிந்தவை.
நான் பார்க்க விரிந்ததன் நடுநாளில்
நான் சாவ் விசென்டேயில்
கட்டிலில் கிடக்கிறேன், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

ஒரு பூக்காம்பில் சிவப்பு நூல் கட்டிக் கேட்டேன்:
"நாளை இது என்ன நிறம்?"

"சொல்ல வரவில்லை.
பத்து வருஷம் துவைத்த
என் சீருடைக் காலரின் உள்பக்கம், ஏறக்குறைய.
இல்லை, அதுவுமில்லை.
இன்னொன்றில் கட்டு. கட்டிவிட்டு வந்து பார்."

விடுமுறை நாளில் வேலையிடத்துக்குப் பேருந்து ஏறுபவனை
மனைவி ஒருமாதிரி பார்த்தாள்.
வெளியாள் போல நின்று மணியடித்தேன்.
ஒலிபெருக்கியில் குரல்,
எழுத்தைவிட மெலிசாக:
"எந்த வீடு?"

"வீட்டுக்கில்லை. செடிக்கு."

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும்.
பிறகு பூட்டு விடுபட்டது.

வழுக்கைத் தலை. என்னைவிடக் குட்டை.
வருகிறவர் கையெழுத்திட வேண்டும், அதுதான் விதி,
பதிவேட்டைத் திருப்பி வைத்தான்,
பேனாவையும் கொடுத்தான். நீலம்.
"அடெல்மோ" என்று எழுதி முடிக்குமுன்
என் எழுத்தை அடையாளம் கண்டு
தலையாட்டினான்.

நூல் கட்டிய பூ அங்கே இருந்தது.
பார்த்தேன். எனக்கும் சொல்ல வரவில்லை.

அவன் டப்பாவில் விரலை விட்டு எடுத்து
என்னிடம் காட்டினான்:
"நேற்றுத் தண்ணீர் அதிகம் விட்டுவிட்டாய்."